அது என் கால்

ஒலியைக் குறைக்க வேண்டாம். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நீங்கள் சிரித்தது ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது, அதனால்தான் திரும்பினேன். அடுத்தவர் கைபேசியை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்தப் படத்தின் வசனம் எங்கே கேட்டாலும் என் காது தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. ‘புறாவுக்கு யார் சொந்தம்’தானே? இரண்டு மாயாஜாலக்காரர்கள் ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்க்கிற படம். தெரியும். நன்றாகத் தெரியும்.

கொஞ்சம் பின்னால் தள்ள முடியுமா? இப்போது சிரித்தீர்களே, அந்த இடத்துக்கு. பெட்டியை அறுத்து இரண்டு துண்டாக நகர்த்திவிட்டார்கள். ஒரு முனையில் தலை புன்னகைக்கிறது. மறு முனையில் வலது கால் மெதுவாக எழுந்து, அவசரமே இல்லாமல், இடது பாதத்தைச் சொறிகிறது. அங்கே நிறுத்துங்கள். அந்தக் காலைப் பாருங்கள்.

அது என் கால்.

உங்கள் பார்வை புரிகிறது. என் முகத்தையும் திரையில் இருக்கிற முகத்தையும் ஒப்பிடுகிறீர்கள். ஜாடை இருக்கிறது, ஆனால் ஆள் வேறு. சரிதான். தலை என் தங்கை மங்கையர்க்கரசியுடையது. கால் என்னுடையது. பெட்டிக்கு அடியில் இருக்கிற மேசை, பார்ப்பதற்குப் பலகை மாதிரி மெல்லியதாகத் தெரியும். உள்ளே ஓர் ஆள் சுருண்டு கிடக்கலாம். தலைக்காரி பெட்டிக்குள் ஏறி முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொள்வாள். கீழே கிடக்கிறவள் மறு முனையின் துளை வழியாகத் தன் பாதங்களை வெளியே நீட்டுவாள். ரம்பம் வெற்று மரத்தை அறுக்கும். அவ்வளவுதான். இதை வெளியாரிடம் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் சட்டம். படம் எடுத்தவர்களைத் தவிர நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன் என்றால் எனக்கு அவ்வளவு சலித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களை ‘நீ’ என்று சொல்கிற வயதுதான் எனக்கு. ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததாலேயே ஒருவரை ஒருமையில் அழைக்கிற உரிமை வந்துவிடாது. கரூரில் ஏறும்போது என் முழங்காலில் இடித்தீர்கள், மன்னிப்பும் கேட்டீர்கள். அதற்காகவே உங்களுக்கு முழுக்கதையும் சொல்லலாம்.

என் பெயர் திலகவதி. எம்.ஏ. பொருளியல். கரூரில் ஒரு பெண் எம்.ஏ. படித்தால் தெருவே திரும்பிப் பார்த்த காலத்தில் படித்தவள். எனக்கு வரன் தேடியபோது ‘புரொபசர் நாயகம்’ என்று அச்சடித்த நோட்டீஸ் ஒன்று எங்கள் அப்பா கையில் கிடைத்தது. பெண் எம்.ஏ., மாப்பிள்ளை புரொபசர், பொருத்தம் பிரமாதம் என்று அவர் பூரித்துப்போனார். எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை. மாயாஜாலக்காரர்கள் எல்லோரும் தங்களைப் புரொபசர் என்றுதான் போட்டுக்கொள்வார்கள் என்பது நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை எங்கள் அப்பாவின் காதிலிருந்து கோழி முட்டை எடுத்தபோதுதான் தெரிந்தது. தெய்வநாயகம் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் அவருடைய கூட்டாளி பூபாலனுக்கு என் தங்கையைக் கொடுத்தோம். அவரும் புரொபசர். இந்த முறை அப்பா ஒன்றும் கேட்கவில்லை, முட்டையையும் தானே வாங்கி வைத்துவிட்டார். ஆக, இரண்டு சகலைகள், ஒரே வீடு, ஒரே குழு. மொட்டை மாடியில் புறாக்கூண்டு. பொருட்காட்சி, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று ஊர் ஊராகப் போனோம். பெட்டி வித்தைதான் கடைசி அயிட்டம். அதில் நான் தலை. அரசி கால்.

யார் தலை என்று முடிவு செய்ததில் விவாதம் எதுவும் இல்லை. தலைக்கு முகபாவம் வேண்டும், கூட்டத்தைப் பார்த்துப் பேச வேண்டும். படித்தவள் நான். அரசி எஸ்.எஸ்.எல்.சி. இயல்பாக அமைந்தது.

இந்த வித்தையின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? ரம்பத்தில் இல்லை. ஊருக்குள் காலுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பது எவருக்கும் தெரியக் கூடாது, அதில் இருக்கிறது. ஒரே கொலுசும் ஒரே நிற நெயில் பாலிஷும் போட்ட இரண்டு பெண்களை ஒரே ஊரில் ஒருவன் பார்த்துவிட்டால் போதும், வித்தை முடிந்தது. ஆகவே நான் விதிகள் வகுத்தேன். தலை, புரொபசர்களோடு காரில் வரும். கால், தனியாகப் பஸ்ஸில் வரும். ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, முக்காடு போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக உள்ளே நுழைய வேண்டும். கூட்டம் கலைகிற வரை மேசையை விட்டு வெளியே வரக் கூடாது. அந்த ஊர்க் கடையில் ஒரு டீ குடிக்கவும் கூடாது. ஆண்களுக்கு ரம்பத்தை ஆட்டத் தெரியும், நிர்வாகம் தெரியாது. எல்லாம் நான் செய்தது. நல்ல விதிகள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

நெயில் பாலிஷ் நிறத்தையும் நான்தான் தேர்ந்தெடுப்பேன். அடர்ந்த அரக்கு நிறம், தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும். அவளுக்கு ரோஸ் பிடிக்கும். வித்தைக்கு எது நல்லது என்பதுதான் கேள்வி, யாருக்கு எது பிடிக்கும் என்பது அல்ல.

அறுத்துச் சேர்த்த பிறகு நான் முழு ஆளாகப் பெட்டியிலிருந்து எழுந்து இரண்டு கைகளையும் விரித்து வணங்குவேன். கூட்டம் எழுந்து நிற்கும். அப்போது அரசி என் முதுகுக்குக் கீழே, மரத்துக்குள் இருப்பாள். ஒருமுறை அவள் என்னிடம் சொன்னாள்: “அக்கா, அவங்க எதுக்குத் தட்டுறாங்கன்னு உள்ள கெடந்தா நல்லாத் தெரியுது. நீ சிரிக்கிறதுக்குத் தட்டுறது ஒரு மாதிரி, காலுக்குத் தட்டுறது வேற மாதிரி.” கைதட்டலில் என்ன ரகம் இருக்கிறது, போய்ப் புறாவுக்குத் தானியம் போடு என்று அனுப்பிவிட்டேன். புறாக்களை அவள்தான் பார்த்துக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் பெயர்கூட வைத்திருந்தாள்.

பிரிவு எப்படி வந்தது என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். நோட்டீஸில் யார் பெயர் மேலே என்கிற தகராறு. உண்மையிலும் அதுதான். சேலம் பொருட்காட்சியில் நடந்தது. ‘நாயகம்–பூபாலன்’ என்று அடிப்பது வழக்கம். அந்த வருடம் பூபாலன் தன் பெயர் மேலே வர வேண்டும் என்றார். வயதில் மூத்தவர் எங்கள் வீட்டுக்காரர், எப்படி முடியும்? இரண்டு புரொபசர்களும் பொருட்காட்சி ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று, மேடை உடையோடு, தலைப்பாகையோடு கத்திக்கொண்டார்கள். கூட்டம் அதையும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து வட்டம் கட்டியது. “என் வீட்டுக்காரி இனிமே அந்த மேசைக்குள்ள போகமாட்டா” என்று கடைசியில் பூபாலன் சொன்னார். அது பேச்சு வேகத்தில் வந்து விழுந்தது. பிரச்சினை நோட்டீஸ்.

அதற்கு முந்தின நாள் ஒரு சின்ன சம்பவம் நடந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான் முகத்தில் பயமும் புன்னகையும் கலந்த பாவத்தோடு இருக்கிறேன், அது எளிதில் வராது. திடீரென்று கூட்டம் இடிந்து விழுவது மாதிரி சிரிக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, தலையைத் திருப்பவும் முடியாது. அப்புறம்தான் தெரிந்தது, ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்திருக்கிறது. நான் உள்ளேயிருந்து பலகையில் இரண்டு தட்டு தட்டினால் ஆட்டு, ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. அதுதான் ஏற்பாடு. சொறி என்பதற்குத் தட்டே கிடையாது. திரை விழுந்ததும் கேட்டேன். “கொசு கடிச்சுதுக்கா” என்றாள். மேடையில் ஏது கொசு? கூட்டம் சிரித்த ருசியில் செய்திருக்கிறாள், மறுபடியும் செய்வாள். அறிவு ஒரு பக்கம் இருந்தால் போதும் என்று அங்கேயே, விளக்குக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். கண்டிப்பு இல்லாமல் குழு நடத்த முடியாது. அவள் பருத்தித் துணியில் காலைத் துடைத்து நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் நோட்டீஸ் தகராறு வந்தது. நேரம் அப்படி.

கண்டக்டர் இந்தப் பக்கம் பார்க்கிறார். டிக்கெட் காட்டிவிட்டீர்களா? சரி.

வீடு பிரிந்தது. அவர்கள் திண்டுக்கல் போனார்கள். தலை கரூரில், கால் திண்டுக்கல்லில். பெட்டி எங்களிடம், மேசை அவர்களிடம். இப்படி ஒரு பாகப்பிரிவினையை எந்த வக்கீலும் கேட்டிருக்க மாட்டார். இவர் புது மேசை செய்து, காலுக்கு ஒரு பெண்ணை வைத்தார். அவள் உள்ளேயே தூங்கிவிட்டாள், ரம்பம் நின்ற பிறகும் அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பூபாலன் புதுத் தலை ஒன்றைப் பிடித்தார். அரசி தானாகவே மறுத்துவிட்டாளாம். நான் காலாகவும் வர மாட்டேன், தலையாகவும் வர மாட்டேன், ரவிக்கை தைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று மிஷினை வாங்கிப் போட்டுவிட்டாள். பிடிவாதக்காரி.

புறாக்களைச் சமமாகப் பிரித்தார்கள். அங்கேதான் இரண்டு பேரும் பெரிய தப்புச் செய்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில், விவரம் தெரியாத கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரையும் ஒரே மேடைக்கு அழைத்துவிட்டார்கள். இவர் கைக்குட்டையிலிருந்து புறாவை வரவழைத்தார். அது மேடையை ஒரு சுற்றுச் சுற்றியது. நேராகப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் பறந்துபோய்விட்டது. அங்கே அரசி உட்கார்ந்திருந்தாள், பூபாலனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். புறாவுக்கு மேடை ஏது, பகை ஏது, தானியம் போட்ட கைதான் தெரியும். பூபாலன் சட்டென்று உள்ளே போய், அந்தப் புறாவைத் தன் தலைப்பாகையில் உட்காரவைத்துக்கொண்டு வந்து வணங்கினார். கைதட்டல் அடங்கவேயில்லை. இவர் அடுத்த புறாவை விட்டார், அதுவும் போயிற்று. இருந்த எல்லாப் புறாக்களும் போயின. வீட்டுக்கு வெறும் கூண்டோடு வந்தோம்.

படத்தில் புறா நேராகப் போட்டிக்காரரின் தலைப்பாகையில் போய் உட்காரும். பார்த்திருப்பீர்கள், தியேட்டரே குலுங்கிய காட்சி. அரசி அதில் இல்லை. இயக்குநர் முதலில் அவளையும் வைத்துத்தான் எழுதியிருந்தார். திரைக்குப் பின்னால் ஒரு பெண் சாப்பாட்டுக் கேரியரோடு உட்கார்ந்திருந்தால் சிரிப்புக் குறையும் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். காமெடிக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

இயக்குநர் பெயர் இளஞ்செழியன். தாடிக்காரப் பையன். மாயாஜாலக்காரர்களைப் பற்றிப் படம் எடுக்கப்போகிறேன் என்று கரூர் வந்தார். இவரிடம் பேசினார், தகவல் ஒன்றும் தேறவில்லை. இவருக்குத் தன்னைப் பற்றிப் பேச வரும், நடந்ததைப் பற்றிப் பேச வராது. கடைசியில் என் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். ரம்பம், புறா, ராட்டினம் எல்லாம். படம் முழுக்க என் வாயிலிருந்து வந்ததுதான். கடைசியில் என்ன போட்டார்கள் தெரியுமா? ‘ஆலோசனை: திருமதி தெய்வநாயகம்.’ என் பெயரும் இல்லை, எம்.ஏ.வும் இல்லை.

கதையின் முடிவில் இரண்டு கிழட்டு மாயாஜாலக்காரர்களும் சேர்ந்து பெட்டி வித்தை செய்ய வேண்டும். பழைய பெட்டி, பழைய மேசை, பழைய பெண்கள், நிஜமாகவே அறுக்கிற மாதிரி, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும் என்றார் இளஞ்செழியன். “அம்மா, நீங்களும் உங்க தங்கச்சியும்தான் வேணும்” என்றார். எனக்கும் அதுதான் வேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் குரலைக் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா சாவுக்கு வந்தபோதுகூட எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

நானே திண்டுக்கல் போனேன். மூத்தவள் இறங்கிப் போனால் குறைந்துவிட மாட்டாள். வாசலில் என்னைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கையில் இருந்த ரவிக்கையின் கொக்கியைத் தைத்து முடித்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது, என் அளவு. நான் விஷயத்தைச் சொன்னேன்.

“சரிக்கா, வர்றேன்” என்றாள். நான் நம்பவில்லை. “ஆனா நான் தலை. நீ கால்.”

அது எப்படி நடக்கும் என்று கேட்டேன். தலைக்கு அனுபவம் வேண்டும், முகபாவம் வேண்டும், கோடிக்கணக்கான பேர் பார்க்கிற படம் என்று விளக்கினேன்.

“சொறியத் தெரிஞ்சவளுக்குச் சிரிக்கத் தெரியாதா?”

எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, மடக்கிப் படுக்க முடியாது என்றேன். அவள் புடவையைக் கொஞ்சம் உயர்த்தித் தன் இரண்டு முழங்கால்களையும் காட்டினாள். இரண்டிலும் எலாஸ்டிக் பட்டை. “எனக்கு இது எந்த வயசுல வந்துச்சு தெரியுமா?” என்றாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே எலும்பு பலவீனம், பால் குடிக்க மாட்டாள்.

அப்புறம் தைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “ஒரே ஒரு தடவ அந்த வெளிச்சத்துல கெடந்து பாக்கணும் அக்கா. அவ்வளவுதான்.” நான் சம்மதித்தேன். பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறது. அவள் பேசுகிறாளே, அது நின்றுவிடக் கூடாது என்பதும் இருந்தது.

படப்பிடிப்பு சென்னையில். மேசைக்குள் என்னை இறக்கி மேல்பலகையை மூடினார்கள். அம்மாடி, உங்களுக்குச் சொல்கிறேன், அப்படி ஓர் இடத்தை நான் கற்பனை செய்ததில்லை. காற்றே இல்லை. கன்னம் மரத்தில் ஒட்டிக்கொள்கிறது. இடுப்புக்குக் கீழே முதலில் வலிக்கிறது, அப்புறம் வலி நின்றுவிடுகிறது, அது இன்னும் மோசம். மேலே எல்லோரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், அரசிக்குப் பவுடர் போடுகிறார்கள், அவளுக்கு இளநீர் வருகிறது. கீழே ஒருத்தி இருக்கிறாள் என்கிற நினைப்பு எவருக்கும் வருவதாகத் தெரியவில்லை. இப்படி இருக்கும் என்று அரசி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னாள்தான், அந்தக் காலத்தில் அடிக்கடி சொல்லிக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் இந்த அளவுக்கு என்று சொல்லவில்லை.

கேமரா ஓடுகிறது. ரம்பம் அறுக்கிறது. அரசி மேலிருந்து இரண்டு தட்டு தட்டினாள், ஆட்டினேன். ஒரு தட்டு, நிறுத்தினேன். அப்போது இடது பாதத்தில் ஒரு கொசு. சாதாரணக் கடி இல்லை. சொறிந்தேன். அப்புறம் லைட்பாய் வரைக்கும் சிரிக்கிறார்கள். கதாநாயகர்கள் இரண்டு பேருக்கும் அது எதிர்பாராதது, நிஜமாகவே வாய் பிளந்து, அப்புறம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துவிட்டார்கள். பகை தீர்கிற காட்சிக்கு எழுதிவைத்திருந்த வசனத்தை இளஞ்செழியன் தூக்கிப் போட்டுவிட்டார். அந்தச் சிரிப்பையே முடிவாக வைத்துக்கொண்டார். சேலத்தில் கொசு இருந்ததா என்று கேட்பீர்கள். சென்னை வேறு, சேலம் வேறு.

கொசு ஒரு காரணம் மட்டும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எழுந்த வேகம், அந்த நிதானம், சொறிந்த பிறகு விரல்களை ஒருமுறை விரித்து மூடியது, இதெல்லாம் கொசுவுக்கு வருமா? அது கலை. உள்ளே வெறும் இருட்டில், முகம் என்கிற உதவியே இல்லாமல் செய்தது.

படம் வெளியான அன்று இவர் கடைசி வரை சிரிக்கவில்லை. கதாநாயகன் மந்திரக்கோலை அகப்பை மாதிரி பிடிக்கிறான் என்று மட்டும் சொன்னார். இடைவேளையில் கழிப்பறை வரிசையில் பூபாலன் முன்னால் நின்றிருக்கிறார். “அண்ணே, புறா வளக்குறீங்களா இப்ப?” என்றாராம். “எங்கே, அதான் எல்லாம் உன்கிட்ட வந்துருச்சே” என்றாராம் இவர். அவ்வளவுதான். அத்தனை வருடப் பகை கழிப்பறை வாசலில் தீர்ந்தது. இப்போது தினமும் காலையில் போன், ஆளுக்கு ஒரு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு. நோட்டீஸில் யார் பெயர் மேலே என்பது இரண்டு பேருக்குமே நினைவில் இல்லை.

அரசிதான் இப்போது பிரபலம். டி.வி.யில் பேட்டி, பத்திரிகையில் படம். ‘பெட்டிக்காரம்மா’ என்றால் திண்டுக்கல்லில் ஆட்டோக்காரர்கள் நேராக வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறார்கள். பேட்டி எடுத்த பெண், அந்தக் காலைச் சொறிந்தீர்களே, அது யார் யோசனை என்று கேட்டாள். அரசி புன்னகைத்தாள். “அது அப்படியே வந்துருச்சும்மா” என்றாள். நான் இங்கே கரூரில், சோபாவில், அதே காலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

போன் செய்து கேட்டேன். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று நேரடியாகவே கேட்டேன், சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

“காலுக்கு வேற ஆளு இருக்குன்னு சொன்னா வித்தை போயிடுமே அக்கா. நீதானே சொல்லிக் குடுத்தே.”

என்ன பதில் சொல்வீர்கள்? விதி சரியானது. அதுதான் எரிச்சல். உழைப்பு ஒருத்தியுடையது, கும்பிடு இன்னொருத்திக்கு. கூடப்பிறந்தவளுக்கு, மேலே போய்விட்டால், கீழே கிடக்கிறவளைப் பற்றி இவ்வளவு அலட்சியம் இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு மனுஷியை இப்படி நடத்த எங்கிருந்து மனம் வருகிறது? அவளிடமே கேட்டுவிடலாம் என்று பல தடவை தோன்றியது. கேட்டால் மறுபடியும் பேச்சை நிறுத்திவிடுவாள். அதனால் கேட்கவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாள், புது ரவிக்கைத் துணியைப் பற்றி, பூபாலனின் இருமலைப் பற்றி. அதை இழக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை.

இன்று எங்கே போகிறேன் என்று கேட்கிறீர்களா? திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரி ஆண்டு விழா. பெட்டிக்காரம்மாவுக்குப் பாராட்டு, இப்போதெல்லாம் பாராட்டென்றால் கூடவே இரண்டு புரொபசர்களும் சேர்ந்து பெட்டி வித்தை. நேற்றே பூபாலன் கார் எடுத்து வந்து இவரையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் கால் காரில் வரக் கூடாதே. பஸ்ஸில், தனியாக, ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னால். பைபாஸில் இறங்கி, பின்வாசலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். இந்த வெயிலில் மூடிய ஷூ போட்டிருக்கிறேனே, உள்ளே நெயில் பாலிஷ். அரசி கூரியரில் அனுப்பியது. ரோஸ். எனக்குப் பிடிக்கவே பிடிக்காத நிறம். கேட்டதற்கு, வித்தைக்கு இதுதான் எடுப்பாக இருக்கும் என்றாள்.

காலையில் புறப்படும்போது போன் செய்தாள். இன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும், பிரின்சிபால், விருந்தினர் எல்லாம் முன்வரிசையில் இருப்பார்கள் என்றாள். கடைசியில், “இன்னிக்குச் சொறியாதக்கா. நான் வணக்கம் வெக்கிறப்போ எல்லாரும் காலையே பாத்துக்கிட்டிருக்காங்க. அறிவு ஒரு பக்கம் இருந்தாப் போதும்” என்றாள்.

மூத்தவளிடம் பேசுகிற பேச்சா இது? அந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. படத்தில் வருகிற வசனமாக இருக்கும்.

வேடசந்தூர் தாண்டிவிட்டோமா? இனி அதிகம் இல்லை. முக்காடு போட்டுக்கொள்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

என்ன? உங்கள் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருப்பது... அந்தக் கல்லூரியா? விடுதி மாணவியா? பையில் இருப்பது இன்றைய விழாவுக்கு உடுத்துகிற புடவையா?

இந்தப் பஸ்ஸில் இத்தனை பேர் இருக்க, நான் பார்வையாளரிடமே ரகசியத்தைச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு தப்பை அரசிகூட எந்தக் காலத்திலும் செய்ததில்லை. எத்தனை ஊர், எத்தனை பஸ், அவள் பக்கத்து இருக்கைக்காரி ஒருத்தியிடமாவது வாய் திறந்திருப்பாளா? மாட்டாள். அவளிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

சரி. நீங்கள் நல்ல பெண், தோழிகளிடம் சொல்ல மாட்டீர்கள். சொன்னால் வித்தை போய்விடும். வித்தை போனால் அவள் போனும் போய்விடும். அது மட்டும் வேண்டாம்.

வேறு ஒன்று கேட்கலாமா? பெட்டி பிரிந்து நிற்கும்போது எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவளும் நன்றாகத்தான் சிரிக்கிறாள், அதைச் சொல்லிவிட வேண்டும், அந்த வெளிச்சம் அவளுக்குப் பொருந்துகிறது. நீங்கள் கொஞ்சம் இந்த முனையைப் பாருங்கள்.

நிறுத்தம் வந்துவிட்டது. கைப்பிடியைக் கொஞ்சம் விடுங்கள், முழங்கால் சட்டென்று நிமிராது. கண்டக்டர், ஒரு நிமிஷம், இறங்க வேண்டும்.

அரங்கில் ஏ.சி. போட்டிருக்கிறார்களாம், கொசு இருக்காது. பரவாயில்லை, நான் சொறிவேன். அப்போது தட்டுங்கள். அவளுக்குத் தட்டுகிற மாதிரி இல்லாமல், காலுக்கென்று தட்டுங்கள். உள்ளே கிடக்கிறவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.